கண்ணை மூடித் திறந்தது

காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து வைப்பேன். மோட்டார் போட்டுவிட்டு, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை மொட்டை மாடியில் நிற்பேன். பல் தேய்ப்பேன். இடது முழங்கால் இன்னும் முழுதாக மடங்காது. அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பேன். சட்டை மாட்டி முடிப்பதற்குள் படியில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்கும்.

மாமி என்றால் கமர்ஜஹான், என் மனைவி நஸீராவின் அம்மா. கையில் தட்டு இருக்கும். இட்லி, இல்லாவிட்டால் இடியாப்பம். நான் சாப்பிடுவேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். நான் கை கழுவிவிட்டு வந்ததும் கேட்பார்.

"சொன்னாள்ல மாப்ள?"

"சொன்னா மாமி."

"முழுசா?"

"முழுசா."

"தெளிவா இருந்துச்சா?"

"தெளிவா இருந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்."

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடுவார். நான் ஒரு நாள் காய்ச்சலில் தூங்கிவிட்டேன். அன்று மத்தியானம்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நஸீராவின் தங்கை ஜீனத் சொன்னாள். ஒரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

நஸீரா கலிமா சொல்லவில்லை.

பிறகு பைக். பேகம்பூர் வளைவில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் எனக்கு வேலை. எம்.எஸ்சி. வேதியியல் படித்திருக்கிறேன். உள்ளே வரும் தண்ணீரிலும் வெளியே போகும் தண்ணீரிலும் மாதிரி எடுத்து, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று பார்ப்பேன். கேட்டில் வாட்ச்மேன் மிக்கேல்ராஜ், "சார், இண்டிகேட்டர் எரியுது" என்பார். தலையாட்டிவிட்டு உள்ளே போவேன்.

முந்தாநாள், நாளைக்கு லீவு வேண்டும், நஸீரா இறந்து ஒரு வருடம், வருஷ ஃபாத்திஹா ஓதுகிறார்கள் என்று சொன்னேன். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் முத்துக்கிருஷ்ணன் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

"சார், தப்பா எடுத்துக்கிறாதீக. ஒரு வருசமா கேக்கணும்னு இருக்கேன். உள்ள இருந்தப்ப ஒங்களுக்கு என்ன தெரிஞ்சுச்சு?"

"எங்க உள்ள?"

"கெணத்துக்குள்ள சார். சாவு பக்கத்துல வந்து நின்னுச்சுல்ல. எனக்கு ஒட்டன்சத்திரம் பஸ்ஸுல அட்டாக் வந்துச்சே, அப்ப மேல இருந்து என்னையவே நான் பாத்தேன். சத்தியமா. கண்டக்டரு என் சட்டப் பட்டன அவுக்குறாரு. எனக்கு வழுக்க இம்புட்டுப் பெருசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பீடிய விட்டேன். வருசா வருசம் பழநிக்கு நடக்குறேன். மச்சினன்கூட பேச்சுவார்த்த வச்சுக்கிட்டேன். அவன் இப்பவும் நாய்தான், அது வேற. ஆனா ஒரு அர்த்தம் கெடச்சுச்சு சார். ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்கலையா?"

"இல்ல."

"கெடைக்கும் சார். சும்மாவா மிச்சம் வச்சிருப்பான் ஒங்கள?"

இதை எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிவாசலில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள். வத்தலக்குண்டில் இருக்கும், என்னைப் பெற்ற அத்தா போனில் சொல்கிறார். பிசியோதெரபி செய்த பெண் என் காலை மடக்கிக்கொண்டே சொன்னாள். நான் எதற்காகவோ மிச்சம் வைக்கப்பட்டிருக்கிறேன். அது எது என்று என் முகத்தில் தேடுகிறார்கள். நானும் தேடிப் பார்த்தேன். சாவுக்குப் பக்கத்தில் போனால் பெரிதாக ஏதாவது தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வைப்பர் மேல் உட்கார்ந்திருந்த ஒரு தவளை.

நடந்தது இதுதான். ஜீனத்துக்கு அன்று சாயங்காலம் நிச்சயம். பூவை நிலக்கோட்டை மார்க்கெட்டில் எடுத்தால் நன்றாக இருக்கும் என்றாள் நஸீரா. மாமாவின் காரை எடுத்துக்கொண்டு காலையிலேயே போனோம். மாமா ஜெகபர் அலி, நஸீராவின் அத்தா, தோல் வியாபாரம் செய்பவர். அவருடைய காருக்கு வயது அதிகம். ஹார்ன் சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது. இடது பக்கக் கண்ணாடி பாதிக்குமேல் இறங்காது. இண்டிகேட்டர் தானாக நிற்காது. உள்ளே எப்போதும் உப்புத்தோல் வாடை. "எங்கத்தா வாடைக்கு மல்லியப்பூவே தோத்துரும்" என்று சொல்லிக்கொண்டே நஸீரா பூ மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு பாலத்தில் வேலை நடந்தது. எல்லா வண்டியும் தோட்டத்துக்குள் போகும் மண்பாதையில் இறங்கிச் சுற்றிப் போயின. நாங்களும் இறங்கினோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. எதிரே பால் வண்டி வந்தது. ஒதுங்கி வழிவிட்டேன். இடது சக்கரம் வழுக்கியது. அங்கே தடுப்புச் சுவர் இல்லாத ஒரு கிணறு இருந்தது. செடி மறைத்திருந்தது.

கார் முழுதாக முங்கவில்லை. கிணற்றின் படியும் சுவரும் சேரும் மூலையில், இடது பக்கம் சாய்ந்து சிக்கி நின்றது. நஸீராவின் கதவு கல் சுவரோடு ஒட்டிவிட்டது. அவளுக்குக் கழுத்துக்குக் கீழேவரை தண்ணீர். எனக்கு இடுப்புவரை. என் கால் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தாடை ஸ்டியரிங்கில் இடித்து உடைந்திருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். மூட்டை அவிழ்ந்து மொட்டுகள் எல்லாம் மேலே வந்தன. எங்களைச் சுற்றி வெள்ளையாக மிதந்தன.

கிணற்றுக்குச் சொந்தக்காரர் கருப்புசாமி. மல்லிகை பயிரிட்டிருக்கும் சம்சாரி. அவர்தான் சத்தம் கேட்டு ஓடிவந்தார். படியில் இறங்கி வந்து என் கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. ஒரு கயிற்றை என் கையில் சுற்றிக் கட்டினார், கார் நழுவினாலும் நான் போய்விடாமல் இருக்க. நஸீராவின் பக்கம் அவரால் போக முடியவில்லை. திரும்ப மேலே ஏறி ஆட்களைக் கூப்பிட்டார். தீயணைப்பு வண்டி வரும்வரை கிணற்றின் விளிம்பில் நின்று ஏதேதோ சொல்லித் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தார். நஸீரா அவருக்குப் பதில் சொன்னாள். என்னோடும் பேசினாள். அவளுக்கு வயிற்றுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் போகும் நேரத்தில் நாவில் கலிமா, அல்லாஹ் ஒருவனே இறைவன் என்ற சொல், இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போகிறவர் திருப்பிச் சொன்னால் அது நல்ல முடிவு. ஒரு வீட்டில் மௌத் விழுந்தால் துக்கத்துக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் முதல் கேள்வி இதுதான். கலிமா சொன்னாரா? ஆமாம் என்று பதில் வந்தால் அழுகிறவர்களின் முகம்கூடக் கொஞ்சம் தளரும்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் அது என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு யாராவது கலிமா சொல்லிக்கொடுப்பார்களா?

ஆஸ்பத்திரியில் எனக்கு விழிப்பு வந்தபோது கழுத்தில் பட்டை இருந்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தலையை அசைக்க முடியாது, பேச முடியாது. கண்ணுக்கு நேர் மேலே டியூப் லைட். நஸீராவை அதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அதை எனக்குச் சொன்னது மாமாதான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு மாமி வந்தார். அழவில்லை. என் முகத்துக்கு மேலே குனிந்தார்.

"மாப்ள, எம் மக கலிமா சொன்னாளா?"

அவர் குனிந்தபோது அவருடைய தலை விளக்கை மறைத்திருந்தது. கேட்டுவிட்டு நிமிர்ந்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது. கண்ணை மூடித் திறந்தேன்.

"சொன்னாளாம்!" என்று மாமி கத்தினார். "சொன்னாளாம், எம் மக சொன்னாளாம்!" என்றபடி வராந்தாவுக்கு ஓடினார். வெளியே நின்ற பெண்கள் எல்லாம் சத்தமாக அழுவது கேட்டது. அதுவரை யாரும் அழாமல் காத்திருந்ததுபோல இருந்தது.

தாடைக் கம்பியை எடுத்து நான் பேச ஆரம்பிப்பதற்குள் பேகம்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள், கழுத்தளவு தண்ணீரில், கலிமா சொல்லிக்கொண்டே போன பெண். பள்ளிவாசல் ஹஜ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். பெயர் எல்லோருக்கும் தெரியும். கடைத்தெருவில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். சலாம் சொல்லிவிட்டுக் கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "மாமி, ஆஸ்பத்திரியில அன்னைக்கு நான்..." என்றேன். தட்டு அவர் கையில் அப்படியே நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது. என் வாயையே பார்த்தார்.

"அன்னைக்கு?"

"தண்ணி கேக்க நெனச்சேன், வாயத் தெறக்க முடியல."

"அட, நீங்க வேற" என்று தண்ணீர் கொண்டுவரப் போனார்.

கால் சரியாகும்வரை இங்கே இருக்கட்டும் என்றுதான் என்னை இவர்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தார்கள். கால் ஓரளவு சரியாகிவிட்டது. ராணிப்பேட்டையில் ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள், வா என்று கல்லூரி நண்பன் ரிஃபாத் போன் செய்துகொண்டே இருக்கிறான். மாமியிடம் ஒரு நாள் சொன்னேன்.

"போங்க மாப்ள, எளவயசு, எத்தன நாளைக்கு இங்கேயே கெடப்பீக" என்றார். படியில் பாதி இறங்கியவர் நின்றார். "நீங்க போயிட்டா எனக்குக் காலைல யாரு சொல்லுவா?"

நான் போகவில்லை.

இதெல்லாம் பரவாயில்லை. ஒரு பொய்யை ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழலாம். பலரும் வாழ்கிறார்கள். ஆனால் சில மாதங்களாக வேறு ஒன்று நடக்கிறது. குளிக்கும்போது தலையில் தண்ணீர் விழுந்ததும் கிணறு வரும். பாசி, கல், மொட்டுகள், எல்லாம் இருந்தபடியே வரும். நஸீரா என் பக்கம் திரும்புவாள். வாயைத் திறப்பாள். லா இலாஹ இல்லல்லாஹ் என்பாள். அவள் குரலில், அவள் இழுக்கிற இழுப்பில். முழுசா, தெளிவா.

தினமும் காலையில் நான் மாமிக்குச் சொல்லிச் சொல்லி அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அவள் சொல்லாதது கேட்கிறது. சொன்னது தேய்கிறது. ஒரு நாள் பைக்கில் போகும்போது அவள் உண்மையில் சொன்ன வார்த்தைகளை நினைத்துப் பார்த்தேன். கேட் வரும்வரை வரவில்லை. மிக்கேல்ராஜ் வாயைத் திறந்த பிறகுதான் வந்தது. அன்று வேலையில் ஒரு குடுவையை உடைத்தேன். அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். துணிமணி எல்லாம் மாமி எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். போன் தண்ணீரில் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியமும் போய்விட்டால், அந்தக் கிணற்றில் என்னோடு இருந்தது யார் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விடும்.

ஃபாத்திஹா நேற்று. காலையிலிருந்தே கீழே சாம்பிராணிப் புகையும் நெய்ச்சோற்று வாசனையும். ஹாலில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்தோம். உள் அறையில் பெண்கள். ஓதி முடித்ததும் ஹஜ்ரத் என்னைப் பார்த்தார்.

"மௌத்தோட வாசலப் பாத்துட்டு வந்தவரு. ரெண்டு வார்த்த சொல்லுங்க தம்பி."

எழுந்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அறைத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"அல்லாஹ் காப்பாத்துனான்" என்றேன். உட்கார்ந்தேன்.

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு ஆரம்பிக்கும்போதுதான் கருப்புசாமி வந்தார். மாமா போன் செய்து அழைத்திருந்தார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பை முருங்கைக்காய். வாசலிலேயே நின்றார்.

"வாங்க வாங்க, ஏன் அங்கேயே நிக்கிறீக" என்றார் மாமா.

"வெறுங்கையோட போகாதன்னு பொண்டாட்டி குடுத்துவிட்டா. வெஞ்சனத்துக்கு ஆகும்" என்று பையை நீட்டினார். அதற்குப் பிறகு கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து என் முழங்காலைத் தொட்டார்.

"நடக்குறீகளா தம்பி?"

"நடக்குறேன்ணே."

"செவுரு எடுத்துட்டேன். கெணத்தச் சுத்தி. இடுப்பு ஒசரத்துக்கு." இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே, "இப்ப எடுத்து என்ன செய்ய" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். உள் அறையின் திரை விலகியது. மாமி வந்து நின்றார். ஆண்கள் இருக்கும் பந்திக்கு அவர் வருகிறவர் இல்லை. மாமா எழுந்திருக்கப் பார்த்தார். மாமி அவரைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, நீங்கதான மேல நின்னீக?"

கருப்புசாமி கையை இலையிலிருந்து எடுத்தார். "ஆமாந்தாயி."

"எம் மக கலிமா சொன்னா. அது ஒங்களுக்கும் கேட்டுச்சா?"

எனக்கு அந்தக் கிணற்றில் இருந்த பயம் வந்தது. அன்றுகூட இவ்வளவு இல்லை. கருப்புசாமி என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

"கலிமான்னா என்னங்க?" என்றார்.

"ஆண்டவன் பேரச் சொல்றது" என்றார் மாமா அவசரமாக. "சாப்புடுங்க நீங்க. கமரு, நீ உள்ள போ."

"அதெல்லாம் எனக்கு வெளங்காதுங்க தாயி" என்றார் கருப்புசாமி. "அந்தப் பிள்ள சிரிச்சுச்சு. அதுதான் எனக்குக் கேட்டுச்சு."

மாமி ஒரு அடி முன்னால் வந்தார்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சுச்சுங்க. நான் ஒரு கிறுக்குப்பய. பயப்படாதீகன்னு சொல்லணும்ல, வாயில வந்ததச் சொன்னேன். எங்க தாத்தன் வெட்டுன கெணறு தாயி, இதுவரைக்கும் ஒருத்தரும் இதுல செத்ததில்லன்னு சொன்னேன். அந்த நேரத்துல சொல்ற பேச்சா அது? அதுக்கு அந்தப் பிள்ள சிரிச்சுச்சு. நல்லா சத்தமா. இப்பவும் மோட்டார் போடப் போனா காதுல விழுது." இலையை ஓரமாகத் தள்ளினார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணனுக்குத் தால்ச்சா ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரை ஆடிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் போய்ப் பாத்திரம் கழுவும் சத்தமும் ஓய்ந்த பிறகு, மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் காலையில் மட்டும்தான் மேலே வருவார். கையில் தட்டு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொல்லிச் சிரிச்சா மாப்ள?"

ஒரு வருடத்தில் நஸீராவைப் பற்றி அவர் கேட்ட வேறு கேள்வி இதுதான்.

"அவரு இதுல யாரும் செத்ததில்லன்னு சொன்னாருல்ல. இவ என்கிட்ட, 'கேட்டீகளா, நம்மளால அவுக கெணத்துக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாது'ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

மாமியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு. நஸீரா சிரிப்பதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நிக்காஹ் அன்னைக்கும் இப்படித்தான்" என்றார். "சம்மதம் கேக்க ஆம்பளைக வாசல்ல நிக்கிறாக. இந்தச் சிறுக்கி சிரிச்சுப்புட்டா. சாட்சிக்கு வந்தவரு, சிரிச்சா என்னன்னு எழுதுறதுன்னு கேக்குறாரு. எனக்கு மானம் போச்சு. ஹஜ்ரத்துதான், சிரிப்பும் சம்மதந்தான், எழுதுங்கன்னாரு. ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது மாமி."

"பந்தல்ல இருந்தீக நீங்க, மாலையோட. ஒங்ககிட்ட அவ சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"திருட்டுக் கழுத." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் என்ன சொன்னா?"

"பூவெல்லாம் மெதக்குதேன்னா. ஜீனத் கொன்னுருவா நம்மளன்னா."

"கொன்னுதான் இருப்பா அவ. அப்புறம்?"

"கால் மரத்துப்போச்சுன்னா. குளுருதுன்னா. என் கை நனைச்ச மாவு மாதிரி இருக்குன்னா."

"அப்புறம்?"

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம் என்று இருந்தது. வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வருடத்தில் அவ்வளவு தெளிவாக அது வந்ததில்லை. சொன்னால் பாரம் இறங்கிவிடும். ராணிப்பேட்டைக்குப் போகலாம். மாமி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தட்டோடு நின்றபோது பார்த்த அதே பார்வை. ஆனால் முகம் வெளுக்கவில்லை.

"அதுக்கப்புறம் கலிமா" என்றார்.

ஒவ்வொரு காலையும் அதைக் கேள்வியாகத்தான் கேட்பார். இது கேள்வி இல்லை. எனக்கு அவரே சொல்லிக்கொடுப்பதுபோல, மெதுவாகச் சொன்னார்.

கண்ணை மூடித் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் அது என் பதில் இல்லை. வெளிச்சம்தான். நேற்று என் கண்ணில் எந்த வெளிச்சமும் இல்லை.

மாமி எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் நின்றார்.

"காலைல வாரேன் மாப்ள. இட்லிதான்."

இன்று காலை வந்தார். இட்லி. கை கழுவிவிட்டு வந்து நின்றேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்தார். நான் பழக்கத்தில், "சொன்னா மாமி" என்றேன். "ம்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போனார். இது எனக்கு விடுதலையா, கதவு இன்னும் நன்றாகச் சாத்திக்கொண்டதா, தெரியவில்லை. ரிஃபாத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் மனதுக்குள் கலிமா சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும், தேய்ந்து போவதற்குள் இங்கே எழுதுகிறேன்.

கார் விழுந்ததிலிருந்து உள்ளே ஒரு சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக், டிக் என்று. மண்பாதைக்குத் திரும்பும்போது நான் போட்டது. தண்ணீருக்கு மேலே பாசிச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போனது. எனக்கு அது காதில் ஏறவே இல்லை. அவளுக்கு ஏறியிருக்கிறது. தலையை என் பக்கம் சாய்த்து, கண்ணைத் திறக்காமல், அலுப்பாகச் சொன்னாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தினமும் என் தோளில் தட்டிச் சொல்கிற அதே குரல். நான் கையை நீட்டி அமத்தினேன். சத்தம் நின்றது. இனிக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். அதில் ஆண்டவன் பேர் இல்லை, என் பேரும் இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"இண்டிகேட்டர அமத்துங்க. பின்னாடி வர்றவன் கொழம்புவான்ல."